மொட்டையனுக்குப் புது ஸ்டீயரிங்

ஜூன் 3, செவ்வாய்

கண்டுபிடிச்சுட்டேன்! கடையில ஆள் நிக்கிறதைக்கூடப் பாக்காம கையைத் தட்டிட்டேன். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் ஓசியில குடுத்த இந்த டைரியை ஆறு மாசமா பில்லு பறக்காம மேல வைக்கத்தான் வச்சிருந்தேன். இன்னைக்கு எழுதியே ஆகணும். இல்லீன்னா மண்டை வெடிச்சுரும்.

காலையில கடை வாசல்ல ஒரு நெல்லு அறுக்குற மிசினு வந்து நின்னுச்சு. ஆயில் சீல் வேணுமாம். டிராக்டர் சாமானோ மிசினு சாமானோ, பொள்ளாச்சியில எங்க கடைக்குத்தான் வருவாங்க. வண்டியை ஓரங்கட்டுறதுக்கு அந்த டிரைவர் நின்ன எடத்துலயே ஸ்டீயரிங்கைத் திருப்புனான். ஒத்தை வெரல்ல! அத்தாம் பெரிய மிசினு, மண்ணுல அழுந்தி நிக்கிற டயரு, சொன்ன பேச்சு கேக்குற புள்ளையாட்டத் திரும்புச்சு. அடக் கெரகமே, இத்தனை வருசமா இந்த மிசினுக்குத்தானே சாமான் விக்கிறோம், இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?

எங்க மொட்டையனுக்கு இதுதான் வேணும். மொட்டையன்னா எங்க ஜீப்பு. மேல கூண்டு கிடையாது, அதனால அந்தப் பேரு. அதுல காட்டு ரேஸ் ஓட்டுறது எங்க வீட்டுக்காரரு நல்லசிவம், எனக்கு மாமா. மிலிட்டரி டிஸ்போசல்ல வந்த லாரி ஆக்சிலை ஆசைப்பட்டு எடுத்து அதுக்கு மாட்டுனாரு. அந்த ஆக்சிலு ஒடையாது, வளையாது, பாறை மேல போட்டாப் பாறைதான் ஒடையும். இடுப்பு ஒசரத்துக்கு டயரு. ஆனா ஸ்டீயரிங்கு மட்டும் பழைய ஜீப்போடது. யானையை வாங்கி ஆட்டுக்கவுத்துல கட்டுன கதை.

போன வருசம் ஆழியாறு பக்கம் நடந்த ரேசுல முன் டயரு ஒரு படிப்பாறையில மோதுச்சு. அந்த அடி அப்படியே கம்பி வழியா ஏறி வந்து, ஸ்டீயரிங்கு வெறி புடிச்சாப்பல சுத்தி மாமாவோட வலது மணிக்கட்டை ஒடைச்சிருச்சு. தகடு வச்சு எலும்பு கூடிருச்சு. நரம்புக்கு உணர்ச்சிதான் மெதுவா வரும்னு டாக்டர் சொன்னாரு.

அறுப்பு மிசினுல ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் நடுவுல கம்பியே கிடையாது. எண்ணெய்தான். சக்கரத்தைத் திருப்புனா எண்ணெய் ஓடும், ஆக்சிலு மேல இருக்கிற சிலிண்டரு டயரைத் தள்ளும். டயரு எதுல மோதுனாலும் அடி எண்ணெயோட நின்னுரும், கைக்கு வராது!

மத்தியானம் சோறு போட்டுக்கிட்டே மாமாகிட்ட மூச்சு விடாமச் சொன்னேன். எடது கையில ஸ்பூன் வச்சுச் சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு. இப்ப அதுதான் வசதியாம்.

"ஆடி ரேசுக்கு உங்களை அந்த சீட்டுல உக்கார வைக்கலீன்னா, நான் கடையைச் சாத்திட்டு மாடு மேய்க்கப் போறேன்"ன்னேன்.

"அதுக்கு மொதல்ல மாடு வாங்கணுமே அம்மிணி"ன்னாரு. சிரிச்சாரு. மாமா சிரிச்சு எத்தனை நாளாச்சு!

ஜூன் 5, வியாழன்

நானும் மாமாவும் தேவசகாயண்ணன் லேத்துப் பட்டறைக்குப் போனோம். ஆக்சிலை ஜீப்புக்கு மாட்டிக் குடுத்தவரு அவருதான். ஊர்ல இருக்கிற அறுப்பு மிசினு பாதிக்கு வைத்தியம் பாக்கிறதும் அவருதான்.

"ஏம்மா, ஜீப்புக்கு அறுப்பு மிசினு ஸ்டீயரிங்கா? அப்புறம் பின்னாடி வைக்கப்புல்லு வந்து விழுகுமே, பரவால்லையா?"ன்னு வயித்தைப் புடிச்சுச் சிரிச்சாரு. நானும் விடலை. "விழுந்தா உங்க வீட்டு மாட்டுக்கே அனுப்பறேன்"ன்னேன்.

சிரிச்சு முடிச்சதும் லேத்தை அணைச்சுட்டுத் தரையில சாக்பீசுல வரைய ஆரம்பிச்சுட்டாரு. மூணு பேரும் தரையில குந்திக்கிட்டோம். பழைய ஸ்டீயரிங்குல இன்னொரு சனியனும் இருந்துச்சு. ஸ்டீயரிங்குப் பெட்டி ஜீப்பு பாடியில இருக்கும், டயரு ஆக்சிலுல இருக்கும், நடுவுல ஒரு ராடு. குழியில ஆக்சிலு எறங்குனா ராடு இழுத்து, நாம திருப்பாமயே டயரு திரும்பிரும். இப்ப சிலிண்டரையே தூக்கி ஆக்சிலு மேல வச்சுட்டா ரெண்டும் ஒட்டுக்கா ஏறும், ஒட்டுக்கா எறங்கும். இழுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை!

ஒரே ஒரு குறை, கம்பி இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டக்கூடாது. எங்க தென்னந்தோப்புக்குள்ளயும் ரேசுலயும் மட்டும்தான். ரேசுக்கு லாரியில ஏத்திட்டுப் போறோம், போதுமே.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போனோம். மாமா சட்டைக்கு நான்தான் பித்தான் போட்டு விட்டேன். நேரமாச்சுன்னுதான்.

ஜூன் 14, சனி

பழைய ஸ்டீயரிங்குப் பெட்டியைக் கழட்டியாச்சு. கையில எடுத்துப் பாத்தா ஒரு உரிச்ச தேங்காய் அளவு கூட இல்லை. இதை நம்பியா மிலிட்டரி ஆக்சிலைத் திருப்புனோம்? எனக்கு ஆத்திரம் தாங்கலை, தூக்கிப் பழைய இரும்புல வீசுனேன்.

ஸ்டீயரிங்கு சக்கரத்து உச்சியில மாமா ஒரு செவப்புக் கயிறு கட்டி வச்சிருப்பாரு. கோயில் கயிறு. சேறு அடிச்சுக் கண்ணு தெரியாதப்பக்கூட கயிறு உச்சியில இருந்தா டயரு நேரா இருக்குன்னு அர்த்தம். அவரு ரேசு ஓட்டுற ரகசியமே அதுதான். அதைப் புதுச் சக்கரத்துக்கு மாத்தணும்னாரு. "முடிச்சு நீயே போடு ஹம்சா, உன் முடிச்சுன்னா அவுறாது"ன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டாரு.

ஜூன் 19, வியாழன்

இன்னைக்கு ஒரு சறுக்கல். கடையில கெடந்த சிலிண்டரைப் போட்டுப் பாத்தோம். டயரைத் தூக்கி நிறுத்தித் திருப்புனா ஒரு பக்கம் வெடுக்குன்னு போகுது, மறுபக்கம் சுத்தோ சுத்துன்னு சுத்த வேண்டியிருக்கு. சிலிண்டருல ஒரு பக்கம் மட்டும் ராடு இருந்தா அந்தப் பக்கம் எண்ணெய் கம்மியாத்தான் புடிக்கும். அதனால வேகமும் மாறும். ரெண்டு பக்கமும் ராடு நீட்டிக்கிட்டு இருக்கிற சிலிண்டரு வேணும்.

விடுவேனா? மத்தியானமே பஸ் ஏறி கோயமுத்தூரு போயி வாங்கிட்டு, பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டே வந்தேன். கண்டக்டரு, "இதுக்கு லக்கேஜ் போடட்டுங்களாக்கா, புள்ளை டிக்கெட் போடட்டுங்களா?"ங்கிறான். பஸ்ஸே சிரிச்சுது. எனக்கும்தான்.

ஜூன் 28, சனி

ஐயோ, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது.

எல்லாம் மாட்டி முடிச்சு மொட்டையனைத் தோப்புல எறக்கியாச்சு. மாமா, தன் கைக்கு இன்னும் ரெண்டு வாரம் ஓய்வு வேணும்னாரு. தேவசகாயண்ணன் கூடவே குனிஞ்சு நடந்து எண்ணெய் ஒழுக்கு பாக்கணும்னாரு. அப்ப யாரு ஓட்டுறது? நான்தான் ஏறுனேன். சும்மா டெஸ்டுக்குத்தான்.

கிளப்பி, மோட்டார் ரூமு இடிக்கக்கூடாதேன்னு எடது பக்கம் திருப்புனேன். ஜீப்பு வலது பக்கம் போகுது! ஐயையோன்னு இன்னும் எடது பக்கம் ஒடிச்சேன். இன்னும் வலது பக்கம் போகுது! "திருப்பு திருப்பு"ன்னு மாமா கத்துறாரு, நான் திருப்பத் திருப்ப அது நேரா உரிமட்டைக் குவியலுக்குள்ள போயிப் பொதக்குன்னு புகுந்து நின்னுச்சு. தலையெல்லாம் தேங்காநாரு.

தேவசகாயண்ணன் கீழ எட்டிப் பாத்தவரு, அப்படியே தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. அறுப்பு மிசினு திரும்புறது பின் டயருல. மிசினு எடது பக்கம் போகணும்னா பின் டயரு வலது பக்கம் திரும்பணும். மனுசன் காலமெல்லாம் மாட்டுன பழக்கத்துல எங்க ஜீப்பு முன் டயருக்கும் அப்படியே குழாயை மாட்டிட்டாரு!

"வைக்கப்புல்லுதான் வரலை, மட்டையாச்சும் வந்துச்சே அண்ணா"ன்னேன். அவரு மூஞ்சியைப் பாக்கணுமே.

ஜூலை 2, புதன்

குழாயை மாத்தி மாட்டியாச்சு. ஓட்டிப் பாத்தேன்.

எப்படி எழுதுறதுன்னு தெரியலை. நின்ன எடத்துலயே சுண்டுவிரல்ல திரும்புது! வாய்க்கா மேட்டுல ஒரு பக்க டயரு மொழங்கால் ஒசரம் ஏறுது, ஸ்டீயரிங்கு அப்படியே கும்முன்னு இருக்கு. வேணும்னே ஒரு பாறாங்கல்லைப் போயி இடிச்சேன். ஜீப்பு குலுங்குது, கையில ஒண்ணுமே இல்லை. தோப்புக்குள்ள நான் ஊளையிட்ட ஊளையில அடுத்த தோட்டத்து நாயெல்லாம் கொலைக்க ஆரம்பிச்சிருச்சு.

ரெண்டு விசயம் மட்டும் நெனப்புல வைக்கணும். எஞ்சின் அணைஞ்சா எண்ணெய் தள்ளுற பம்பு நிக்கும், பம்பு நின்னா ஸ்டீயரிங்கு கல்லு மாதிரி ஆயிரும். இன்னொண்ணு அந்தக் கயிறு. ஓட்ட ஆரம்பிக்கிறப்ப உச்சியில இருந்துச்சு, எறங்குறப்பப் பக்கவாட்டுல இருக்கு. எண்ணெய் துளித்துளியாக் கசிஞ்சு, சக்கரத்தோட நேரும் டயரோட நேரும் மெல்ல மெல்ல வேற வேற ஆயிருமாம். எல்லா எண்ணெய் ஸ்டீயரிங்குக்கும் உள்ளதுதான், சரி பண்ண முடியாதுன்னுட்டாரு தேவசகாயண்ணன். மாமா அந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

ஜூலை 6, ஞாயிறு

இன்னைக்கும் நான்தான் ஓட்டுனேன், சும்மா டெஸ்டுக்குத்தான். கயித்தை நம்ப முடியாதில்லையா? அதனால மாமா பக்கத்து சீட்டுல உக்காந்து வெளிய தலையை நீட்டி டயரைப் பாத்துச் சொல்லிக்கிட்டே வந்தாரு. "நேரு... நேரு... சித்தெ எடது... போதும், நேரு!" மாமா குரலுக்கு என் கை தானாப் போகுது. தென்னை மரத்துக்கு நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டுனோம், ஒரு மரத்துலயும் ஒரசலை.

எனக்குக் கால் எட்டலைன்னு சீட்டை முன்னாடி நகத்தி போல்ட்டு போட்டுக்கிட்டேன். மாமாவுக்கு வேணுங்கிறப்பப் பின்னாடி தள்ளிக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

மாமா கையில இருந்து மறுபடியும் டீ கிளாசு நழுவி ஒடைஞ்சிருச்சு. பாத்திரம் வெளக்குற சோப்பை மாத்தணும், ரொம்ப வழுக்குது.

ஜூலை 13, ஞாயிறு

இன்னைக்கு மாமா ஓட்டுனாரு! காலையில எந்திரிச்சதுல இருந்து எனக்குக் கால் தரையில பாவலை. இட்லியோட கேசரியும் கிண்டினேன். தேவசகாயண்ணனையும் வரச் சொல்லியாச்சு. சீட்டைப் பின்னாடி தள்ளி, மாமா ஏறி உக்காந்து, கயித்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

மொதல்ல நல்லாத்தான் போனாரு. அப்புறம் ஜீப்பு பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சுது. நேரா வர வேண்டிய எடத்துல வலது பக்கமாச் சாயுது. வலது கை சக்கரத்துல இருந்து நழுவிக் கீழ கெடக்குது, மாமா இன்னும் புடிச்சிருக்கிற நெனப்புல திருப்புறாரு. மோட்டார் ரூமு செவத்துல ஒரு மூலையை இடிச்சுட்டுத்தான் வண்டி நின்னுச்சு. யாருக்கும் அடி இல்லை.

"ரோடு கைக்கு வர மாட்டேங்குது"ன்னு மட்டும் சொன்னாரு. எறங்கிப் போயி வாய்க்கால்ல மூஞ்சியைக் கழுவிக்கிட்டாரு.

ஸ்டீயரிங்குக்கு அடியில எண்ணெயைத் திருப்பி விடுற வால்வுதான் சரியில்லை. அடி வராம இருக்கட்டும், அதுக்காக ஒரு சேதியுமா வரக்கூடாது? வேற வால்வு மாத்தணும். கேசரியை யாரும் தொடலை.

ஜூலை 15, செவ்வாய்

வால்வு மாத்தியாச்சு. தேவசகாயண்ணனை ஓட்டச் சொன்னேன். கோடு போட்டாப்பல ஓட்டுனாரு. அவருக்கு என்ன, மிசினு ஓட்டிப் பழகுன கை. பம்பு பெல்ட்டையும் மாத்தச் சொல்லியிருக்கேன்.

"பெல்ட்டு நல்லாத்தானேம்மா இருக்கு"ன்னாரு.

"மாத்துங்கன்னா மாத்துங்கண்ணா"ன்னு கத்திட்டேன். பாவம், அவரு மேல எதுக்குக் கத்துனேன்?

ஜூலை 16, புதன்

மாமா அடுப்படிக்கு வந்து நின்னாரு. "ஹம்சா, கொறை ஜீப்புல இல்ல"ன்னாரு.

நான் பாத்திரம் வெளக்குனேன். வெளக்குனதையே மறுபடியும் வெளக்குனேன்.

ஜூலை 18, வெள்ளி

சண்டை. ஆடி மொத வெள்ளியும் அதுவுமா வீடே அதிருற மாதிரி சண்டை.

ரேசு நடத்துறவங்களுக்கு மாமாவே போன் பண்ணி, டிரைவர் ஹம்சவேணி, கூட வர்றது நல்லசிவம்னு மாத்திச் சொல்லிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை!

"உங்களுக்குன்னுதானே இத்தனையும் பண்ணுனேன்? நான் எதுக்குங்க ஓட்டணும்?"

"எனக்குன்னா சீட்டை எதுக்கு முன்னாடி தள்ளி போல்ட்டு போட்ட?"

"கால் எட்டலைங்க!"

"டெஸ்டு பண்ணத் தோப்புல ஒரு சுத்து போதும். நீ இருட்டுற வரைக்கும் சுத்துன. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஊளையிடுற பொம்பளையை நான் இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, கண்ணு."

அழுகை வந்துருச்சு. ஆமா, புடிச்சிருக்கு. உசுரா புடிச்சிருக்கு. மாமா கை அப்படிக் கெடக்கிறப்ப எனக்கு மட்டும் இத்தனை சந்தோசமான்னு வெக்கமா இருந்துச்சு. அதைத்தான் இந்த டைரியிலகூட எழுதலை. இப்ப எழுதிட்டேன், போதுமா?

அழுது முடிச்சதும், "ஆசைப்பட்டது நீங்க, அனுபவிக்கிறது நானுங்களா?"ன்னேன்.

"பக்கத்து சீட்டுல நான் இல்லாம நீ எப்படி ஓட்டுவ? டயரு எங்க இருக்குன்னு உனக்கு யாரு சொல்லுவா?"ன்னாரு.

அதுவும் சரிதான்.

ஜூலை 27, ஞாயிறு

ரெண்டாவது எடம்! ரெண்டாவது!! மொதல் எடம் வந்தவனுக்கு அப்பன் வாங்கிக் குடுத்த ஜீப்பு, போகட்டும்.

நேத்துல இருந்து சாரல். ஆழியாறு போயி லாரியில இருந்து மொட்டையனை எறக்குறப்பவே வேடிக்கை பாக்க ஒரு கூட்டம். "ஸ்டீயரிங்குல கம்பியே இல்லையாமா, அறுப்பு மிசினுதாமா"ன்னு ஒருத்தன் கேலி பேசுனான். தேவசகாயண்ணன், "ஆமாந்தம்பி, இன்னைக்கு உங்களையெல்லாம் அறுக்கத்தான் வந்திருக்கு"ன்னாரு. நான் ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சு மூச்சு முட்டிப் போச்சு.

கொடி எறங்குச்சு. சேத்துக்குழியில மத்த ஜீப்பெல்லாம் ரெண்டு தடவை முன்ன பின்ன எடுத்துத் திரும்புன எடத்துல நாங்க ஒரே ஒடியில திரும்புனோம். "நேரு... எடது... இன்னும் எடது... நேரு!" மாமா தொண்டை கிழியக் கத்துறாரு. கயிறு எங்கயோ கெடக்குது, நான் அதைப் பாக்கவேயில்லை.

அப்புறம் அந்தப் படிப்பாறை. போன வருசம் மாமா கையை வாங்குன அதே பாறை. தூரத்துல பாத்ததுமே கால் தானா ஆக்சிலேட்டர்ல இருந்து எறங்குச்சு. எஞ்சின் குறுகுறுன்னு அடங்கப் பாக்குது, ஸ்டீயரிங்கு கனக்க ஆரம்பிக்குது.

"விடாத அம்மிணி, மிதி! நான் பாத்துக்கிறேன், மிதி!"

மிதிச்சேன். முன் டயரு பாறையில மோதுன மோதல்ல பல்லு கிட்டிச்சு, ஜீப்பு மொத்தமும் அலறுச்சு. என் கையில ஒண்ணுமே இல்லை. சக்கரம் ஒரு மயிரிழை அசையலை. மிலிட்டரி ஆக்சிலு பாறையைக் கவ்வி ஏற, நாங்க வானத்தைப் பாத்துக்கிட்டு ஏறி, அந்தப் பக்கம் எறங்கிட்டோம். மாமாவைத் திரும்பிப் பாத்தா அவரு டயரைப் பாக்கலை, என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு கையும் முழுசாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் மறுபடியும் வெளிய தலையை நீட்டி "நேரு!"ன்னாரு.

ஓட்டம் முடிஞ்சு ஹெல்மெட்டைக் கழட்டுனதும் தேவசகாயண்ணன் ஓடி வந்து மொட்டையன் மூஞ்சிக்கு முத்தமே குடுத்துட்டாரு. மூஞ்சியெல்லாம் சேறு. சத்தியமா நான் இன்னைக்கு மாதிரி என்னைக்கும் இருந்ததில்லை.

கூட்டம் கலைஞ்ச பொறவு நாங்க ரெண்டு பேரும் ஜீப்புலயே உக்காந்திருந்தோம். அப்பத்தான் கயித்தைப் பாத்தேன். சக்கரத்துக்கு அடியில போயி நிக்குது. டயரு என்னமோ நேராத்தான் இருந்துச்சு.

"நேரு எதுன்னு இப்ப நீங்கதானே சொல்றீங்க. இது இனிமே இங்க எதுக்குங்க மாமா?"ன்னு சொல்லி அவுத்தேன். அவரோட வலது கையை எடுத்து என் மடியில வச்சு, தழும்புக்கு மேலயே சுத்திக் கட்டுனேன். மாமா கையை இழுத்துக்கலை.

"இறுக்கமா இருக்குங்களா?"ன்னு கேட்டேன்.

சித்தெ நேரம் கையையே பாத்தாரு. "தெரியலை அம்மிணி. நீயே பாத்துச் சொல்லு"ன்னாரு.

'தெரியலை'ங்கிறது ஒரு வருசமா அவரு சொல்லாத வார்த்தை. கயித்துக்கு அடியில என் சுண்டுவிரலை விட்டுப் பாத்தேன். நல்லாப் போயிட்டு வந்துச்சு.

"சரியா இருக்குங்க மாமா"ன்னேன்.